ஹுலாவ் வாயிலில் லூ பு: மூன்று நாடுகள் கேம்களில் எதை முதலில் வாங்கலாம்?

லூ பு களத்துக்கு வந்துவிட்டான் என்று திரையில் ஒரு வரி தோன்றும். இசை மாறும். அதுவரை எதிரிக் கூட்டத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றுவிடும். சிவப்புக் குதிரை, தலையிலிருந்து பின்னால் வளைந்து நீளும் இரண்டு இறகுகள், ஆள் உயரத்தைத் தாண்டிய ஈட்டிக்கோடரி. டைனஸ்டி வாரியர்ஸ் வரிசையை ஆடியவர்களுக்கு ஹுலாவ் வாயில் என்றாலே இந்தக் காட்சிதான். பிளேஸ்டேஷன் 2-இல் மூன்றாம் பாகத்தை நானும் அண்ணனும் சேர்ந்து ஆடிய நாட்களில், அவன் பெயரைப் பார்த்ததும் குதிரைகளைத் திருப்பிவிடுவோம். அவனைத் துரத்தாதீர்கள் என்று கேமே எச்சரிக்கும்.

அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. பழைய சீனாவின் அதே மூன்று நாடுகள் காலகட்டத்தை வைத்து எத்தனையோ கேம்கள் வந்துவிட்டன. புதிதாகத் தொடங்குகிறவர் எதை எடுப்பது என்று கேட்டால் கிராபிக்ஸ், விலை, விமர்சன மதிப்பெண் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். அந்தக் கேமில் ஹுலாவ் வாயில் எப்படி இருக்கிறது?

கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். கி.பி. 184-இல் மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்து ஹான் பேரரசை உலுக்கியது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு தலைநகர் லுவோயாங்கைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த டோங் ஜுவோ, ஒரு பேரரசரை இறக்கிவிட்டு இன்னொரு சிறுவனை அரியணையில் ஏற்றினான். 190-இல் பிரபுக்கள் ஒன்றுகூடி அவனுக்கு எதிராகப் படை திரட்டினார்கள். லுவோயாங்குக்குக் கிழக்கே வழியை மறித்து நின்ற கணவாய்தான் ஹுலாவ். 14-ஆம் நூற்றாண்டில் லுவோ குவான்ஜோங் எழுதியதாகச் சொல்லப்படும் மூன்று நாடுகளின் பெருங்கதையில், டோங் ஜுவோவின் வளர்ப்பு மகனான லூ பு அங்கே நின்று, வந்தவர்களை எல்லாம் வீழ்த்துகிறான். லியு பெய், குவான் யூ, ஜாங் ஃபெய் என்ற மூன்று சத்தியச் சகோதரர்களும் சேர்ந்து வளைத்த பிறகுதான் குதிரையைத் திருப்புகிறான். வரலாற்றுப் பதிவுகளில் இந்த மோதல் கிடையாது. அந்தப் படையெடுப்பில் டோங் ஜுவோவின் படையை உண்மையில் முறியடித்தவன் சுன் ஜியென். ஆனால் சனங்கள் மனதில் தங்கியது கதைதான், கேம்களும் அதையே பிடித்துக்கொண்டன. அப்புறம் 208-இல் சிபி போர், 220-இல் ஹான் வம்சத்தின் முடிவு, வெய், ஷு, வூ என்று மூன்றாகப் பிரிந்த நாடு, 280-இல் ஜின் வம்சத்தின் கீழ் மறுபடி ஒன்றானது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுக் கதை.

ஹுலாவை அளவுகோலாக வைக்கக் காரணம் இருக்கிறது. இந்த வகைக் கேம்களைப் பற்றி எப்போதும் ஒரு குறை சொல்வார்கள்: ஒரே பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஆயிரம் பேர் விழுந்துவிடுவார்கள், இதில் என்ன இருக்கிறது? ஆயிரம் பேரை வீழ்த்துவது மேல்தோல் மட்டும்தான். மேற்கு வாயிலில் நம் தளபதி தடுமாறுகிறான், கிழக்கே பதுங்கியிருந்த எதிரிப்படை எழுகிறது, பின்னால் பிரதான முகாமில் நம் தலைவனின் உயிர் குறைந்துகொண்டே வருகிறது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு குதிரை. எங்கே முதலில் ஓடுவீர்கள்? நீங்கள் போய் ஓர் எதிரித் தளபதியை வீழ்த்தியதும் அந்தப் பக்கத்தில் நம் படைக்குத் தெம்பு வரும், அதுவரை முடங்கிக் கிடந்த முன்வரிசை நகரத் தொடங்கும். நான் வந்ததால் போர் திரும்பியது என்ற அந்த உணர்வுக்காகத்தான் இத்தனை வருடமாக ஆடுகிறேன். நாம் எதிரிப் படைக்குச் செய்யும் அதே வேலையை லூ பு நம் படைக்குச் செய்கிறான். அவன் ஓர் ஆள் வந்தால் நம் பக்கம் சரியும். அவனைச் சரியாக வைக்கத் தெரிந்த கேமுக்குப் போர்க்களத்தையும் வைக்கத் தெரியும்.

இப்போதைக்குத் தேர்வில் நிற்பவை டைனஸ்டி வாரியர்ஸின் எட்டாம் பாகம், ஒன்பதாம் பாகம், அதன் எம்பயர்ஸ் பதிப்பு, வோ லாங், கடைசியாக வந்த ஆரிஜின்ஸ். எல்லாமே ஜப்பானின் கோயெய் டெக்மோ நிறுவனத்தின் வெளியீடுகள். டெக்மோவுடன் இணைவதற்கு முன்பே, 1985-லேயே, மூன்று நாடுகளை வைத்து ஒரு வியூக கேமை வெளியிட்டது கோயெய். அதனால் இந்தக் கதை அவர்களுக்குக் கைவந்தது.

எட்டாம் பாகத்தில் தொடங்குகிறேன், என் மனதுக்கு நெருக்கமானது அது. 2013-இல் வந்தது. மறு வருடம் எக்ஸ்ட்ரீம் லெஜண்ட்ஸ் என்ற விரிவாக்கத்தையும் சேர்த்து முழுப் பதிப்பாக பிளேஸ்டேஷன் 4-க்கும் கம்ப்யூட்டருக்கும் வந்தது. வாங்குவதாக இருந்தால் இந்த முழுப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். தேடும்போது ஒரு குழப்பம் வரும். 1997-இல் வந்த முதல் கேம் இருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை கேம். கூட்டத்தோடு போரிடும் கேம் 2000-இல்தான் வந்தது. அதை ஜப்பானில் புதிய வரிசையாக எண்ணினார்கள், வெளிநாடுகளில் இரண்டாம் பாகம் என்றார்கள். அதனால் நாம் எட்டு என்பது அங்கே ஏழு. யூடியூபில் ஜப்பானிய வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுப் பதிப்பில் மொத்தம் 82 பேர். அத்தனை பேராகவும் நீங்கள் ஆடலாம். வெய், ஷு, வூ, ஜின் என்று நாட்டுக்கு ஒரு கதை. ஒரு போரில் ஜாவ் யுன், அடுத்த போரில் ஜாங் ஃபெய் என்று ஆள் மாறி மாறிக் கதை நகரும். இதைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொரு கதையும் நடுவில் இரண்டாகப் பிரியும். 197-இல் வான் கோட்டையில், வெய் நாட்டுக்கு அடித்தளமிட்ட சாவ் சாவ் தப்பிக்க, அவனுடைய மெய்க்காவலன் டியான் வெய் வாசலை மறித்து நின்று உயிரை விட்டான். கேமில் டியான் வெய்யைக் காப்பாற்ற முடியும். இப்படிச் சில போர்களில் சரியான வேலையைச் சரியான நேரத்தில் செய்திருந்தால், பின்னால் நடக்காத வரலாறு ஒன்று திறந்துகொள்ளும். குவான் யூ உயிரோடு இருக்கும் ஷு நாடு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். நான் மேலே சொன்ன உணர்வு ஒரு போரோடு முடியாமல் கதை முழுக்க நீள்வது இந்த ஒரு பாகத்தில்தான். போரில் நான் ஓடிப்போய்க் காத்த ஒருவன் பத்து வருடம் கழித்து என் பக்கத்தில் நின்று பேசுகிறான்.

ஹுலாவ்? இங்கே லூ பு பலசாலிதான், பயங்கரம் இல்லை. ஆயுதத்தைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு போனால் சாதாரண நிலையில் அவனை வீழ்த்திவிடலாம். ஆனால் விரிவாக்கத்தில் லூ புவுக்கே தனிக் கதை கொடுத்திருக்கிறார்கள். வாயிலுக்கு அந்தப் பக்கம் அவனாகவே நிற்கலாம். அவனுடைய ஆலோசகன் சென் கோங்கும், பதிவுகளில் பெயர் இல்லாத லூ புவின் மகளும் அதில் கதாபாத்திரங்களாக வருகிறார்கள். லூ பு டோங் ஜுவோவை 192-இல் தன் கையாலேயே கொன்றவன், பின்னர் சியாபி கோட்டையில் தண்ணீர் சூழச் சிக்கிப் பிடிபட்டு மரண தண்டனை பெற்றவன். சின்ன வயதில் நான் பார்த்து ஓடிய ஒருவனின் வீட்டுக்குள் நுழைந்து பார்த்ததுபோல இருந்தது. அந்தக் கதையை முடித்த இரவு தூக்கம் வரவில்லை.

குறைகளும் உண்டு. வயது தெரிகிறது. சிப்பாய்கள் சும்மா நிற்கிறார்கள், பத்தில் ஒருவன்தான் வாளை ஓங்குகிறான். கம்ப்யூட்டர் பதிப்பு பிளேஸ்டேஷன் 3 தரத்து உருவத்தோடுதான் வந்தது. வானம், பூமி, மனிதன் என்று ஆயுதங்களுக்கு மூன்று வகை வைத்து, ஒன்று இன்னொன்றை வெல்லும் சுழற்சி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கையில் இரண்டு ஆயுதம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடிக்கும்போது அது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் சண்டைக்கு ஆழம் தரும் அளவுக்கு இல்லை. இவை எல்லாவற்றையும் ஒரு வசதி ஈடுகட்டுகிறது. ஒரே டிவியில் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடலாம்.

ஒன்பதாம் பாகத்தைப் பற்றி நிறையச் சொல்ல மனம் வரவில்லை. 2018-இல் வந்தது. பழைய சீனா முழுவதையும் ஒரே வரைபடமாக்கி, ஓபன் வேர்ல்டு ஆக்கினார்கள். ஆசை பெரிது, அதை மதிக்கிறேன். சாயங்கால வெளிச்சத்தில் யாங்சி ஆற்றங்கரையில் குதிரையில் போனால் மனம் நிறையும். ஆனால் 90 பேரில் பலருக்கு ஒரே மாதிரியான ஆயுத அசைவுகள், ஊர்களுக்கு நடுவே மைல் கணக்கில் வெறும் புல்வெளி. எல்லாவற்றையும்விட அந்தக் கொக்கிக்கயிறு. கோட்டை மதிலில் அதை வீசி ஏறி உள்ளே குதித்து, தலைவனை மட்டும் வீழ்த்திவிட்டு வெளியே வந்துவிடலாம். வெளியே இரண்டு படைகள் மோதிக்கொண்டிருப்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. வாயிலைத் தாண்ட முடியாது என்பதால்தான் ஹுலாவ், ஹுலாவ். தள்ளுபடியில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் முதல் கேமாக இதை எடுக்காதீர்கள். பலர் இந்த வரிசையையே வெறுத்தது இதில் தொடங்கியதால்தான்.

அதன் எம்பயர்ஸ் பதிப்பு வேறு ரகம். ஜப்பானில் 2021 டிசம்பரிலும் மற்ற நாடுகளில் 2022 பிப்ரவரியிலும் வந்தது. சொந்தமாக ஒரு வீரனை உருவாக்கி, ஒரு பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தோ நீங்களே பிரபுவாகியோ, சபை கூட்டி, வரி, படை, உறவு எல்லாம் பார்த்து, கோட்டை கோட்டையாக நாட்டைப் பிடிக்க வேண்டும். கதையை ஏற்கெனவே அறிந்து, இந்த ஆட்களை வைத்துத் தன் கதையைத் தானே எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்ல விளையாட்டு. முதல்முறை வருகிறவருக்கு யார் யார் என்றே தெரியாது.

வோ லாங்: ஃபாலன் டைனஸ்டி பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் படங்களைப் பார்த்துவிட்டு இதையும் அதே வகை என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் வந்தது. செய்தவர்கள் டீம் நிஞ்ஜா, நியோ கேம்களைச் செய்த அதே குழு. காலம் அதே 184, ஆட்கள் அதே ஆட்கள், கூடவே பூதங்களும் அரக்கர்களும். ஆனால் கூட்டம் கிடையாது. குறுகிய வழிகளில் மூன்று நான்கு பேர், ஒவ்வொருவனும் உங்களைக் கொல்லக்கூடியவன். எதிரியின் அடி விழும் அந்தக் கணத்தில் பட்டனை அழுத்தி அதைத் திசைதிருப்ப வேண்டும். ஆட்டம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. முதல் கிராமத்தின் முடிவிலேயே ஜாங் லியாங் என்ற பாஸ், இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளாதவரை உங்களை விடமாட்டான். அங்கேயே கேமை மூடி வைத்துவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தெரியும் எண். உங்கள் மனவுறுதி, எதிரியின் மனவுறுதி. கீழே இருந்து தொடங்கி 25 வரை ஏறும். எதிரிகளை வீழ்த்தினால் உயரும், செத்தால் குறையும். ஆங்காங்கே கொடி நட்டால், செத்தாலும் ஓர் அளவுக்குக் கீழே போகாது. கொடியைத் தேடி மூலை முடுக்கெல்லாம் அலைய வைக்கிறது. படைக்கு இருக்கும் மனவுறுதியை ஒற்றை ஆளின் உடம்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், நல்ல யோசனை. லூ புவும் இங்கே இருக்கிறான். குதிரையில் சுற்றிச் சுற்றி வந்து அம்பு விடுவான், இறங்கினால் ஈட்டிக்கோடரியோடு பாய்வான். அவனுடைய ஒவ்வோர் அடியின் தாளமும் கைக்கு மனப்பாடம் ஆகும்வரை தோற்றுக்கொண்டே இருந்தேன். எனக்கு மூன்று மாலைகள் ஆயின. வென்றபோது வந்த சந்தோஷம் உண்மையானது. ஆனால் அது ஒருவனை ஒருவன் வென்ற சந்தோஷம். போர் திரும்பிய சந்தோஷம் இல்லை, அங்கே திரும்புவதற்குப் போரே இல்லை. தோற்றுத் தோற்றுக் கற்க வைக்கும் சோல்ஸ் வகைக் கடினமான கேம்களில் ஊறியவர்களுக்கு நிச்சயம் வாங்குங்கள் என்பேன். ஆன்லைனில் மூவர் வரை சேர்ந்தும் ஆடலாம். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் மனசு விட்டு வாள் சுழற்ற வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம்.

இனி ஆரிஜின்ஸ். 2025 ஜனவரி 17-இல் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு வந்தது. ஸ்விட்ச் 2-க்கு 2026 ஜனவரியில் வந்தது. பழைய கன்சோல்களுக்குக் கிடையாது. முதலில் அறிவித்தபோது எனக்குக் கோபமே வந்தது. 82 பேர், 90 பேர் என்று இருந்த வரிசையில் இப்போது ஒரே ஒருவன், அதுவும் நினைவு தொலைத்த பெயரில்லாத நாடோடி. குவான் யூவாக ஆட முடியாதா? முடியும், ஆனால் போருக்குத் துணையாக அவனை அழைத்துப்போயிருந்தால், சிறிது நேரத்துக்கு மட்டும். அப்படி மொத்தம் ஒன்பது பேர்.

ஆடிப் பார்த்த பிறகு கோபம் போய்விட்டது. ஒரே ஆளின் கண்ணால் பார்க்கும்போதுதான் இந்தக் கதை ஒரு கதையாகச் சேர்கிறது. எட்டாம் பாகத்தில் யார் யாருடைய தம்பி, யார் எப்போது கட்சி மாறினான் என்று புரிய எனக்கே நாளானது. இங்கே மஞ்சள் தலைப்பாகைக் காலத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசிய சாவ் சாவும் லியு பெய்யும், சில வருடங்கள் கழித்து எதிரெதிரே நிற்கிறார்கள். நடுவில் நிற்பது நாம். ஒரு கட்டத்தில் மூன்று பக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் திரையில் நான் நெடுநேரம் கண்ட்ரோலரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.

போர்க்களத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். திரை கொள்ளாத படை. ஒரு மேட்டின் மேல் ஏறி நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் கடல் மாதிரி மோதிக்கொண்டிருக்கும், அதற்குள் நீங்கள் இறங்க வேண்டும். சிப்பாய்கள் சும்மா நிற்பதில்லை. தளபதிகளுக்கு உயிரோடு சேர்ந்து ஒரு காப்பும் இருக்கிறது. அதை உடைத்தால்தான் பெரிய அடி போட முடியும். எதிரியின் அடியைச் சரியான நேரத்தில் தடுத்துத் திருப்ப வேண்டும், வோ லாங்கில் கற்ற வித்தை இங்கே இளகிய வடிவில் பயன்படுகிறது. கூடவே நம் பின்னால் வரும் சிறு படைக்கு அம்பு மழை, பாய்ச்சல் என்று கட்டளை கொடுக்கலாம். இரு பக்கத்து மனவுறுதியும் கண்ணுக்குத் தெரிகிறது. எதிரித் தலைமை ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கும்போது அதைக் கலைக்க ஓட வேண்டும். கலைக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கேம் இரக்கமில்லாமல் காட்டுகிறது.

ஹுலாவ் வாயில்? இத்தனை வருடத்தில் இதுதான் நிஜமான ஹுலாவ். கூட்டணிப் படை வெற்றிக் களிப்பில் முன்னேறிக்கொண்டிருக்கும்போது அவன் வருகிறான். நான் ஒரு மணி நேரமாகச் சேர்த்து வைத்த முன்வரிசை கண்ணெதிரே கரைந்தது. மூன்று சகோதரர்கள் இருந்தும் போதவில்லை. பத்து முறைக்கு மேல் தோற்றேன். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பழைய பிளேஸ்டேஷன் 2-உம், அண்ணனும், திருப்பிய குதிரைகளும்தான்.

ஆரிஜின்ஸின் குறைகளை மறைக்க மாட்டேன். கதை 208-இல், சிபியோடு முடிந்துவிடுகிறது. ஷு நாட்டின் பேர்பெற்ற ஆலோசகன் ஜுகே லியாங் கடைசி நேரத்தில்தான் வருகிறான். ஷுவும் வூவும் மோதிய யிலிங் போர் கிடையாது, 234-இல் வூஜாங் சமவெளியில் ஜுகே லியாங்கின் முடிவு கிடையாது. போர்களுக்கு நடுவில் வரைபடத்தில் நடப்பதும் பேசுவதும் சிலருக்கு இழுவையாக இருக்கும். ஒருவர் மட்டுமே ஆட முடியும், இது எனக்கு உண்மையான இழப்பு. 2026 ஜனவரியில் வந்த டிஎல்சி, அதாவது தனியாக வாங்கும் கூடுதல் பகுதி, மஞ்சள் தலைப்பாகைத் தலைவன் ஜாங் ஜியாவ், டோங் ஜுவோ, கூட்டணித் தலைவன் யுவான் ஷாவ், லூ பு ஆகிய நால்வரின் பக்கம் நின்று, நடக்காத வரலாற்றைக் காட்டுகிறது. முதல்முறை ஆடுகிறவர் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எதை வாங்குவது? ஆரிஜின்ஸ் ஓடக்கூடிய கன்சோலோ கம்ப்யூட்டரோ இருந்தால், தனியாக ஆடுகிறவர் என்றால், யோசிக்காமல் ஆரிஜின்ஸ். கதை ஒன்றும் தெரியாவிட்டாலும் கைபிடித்துக் கூட்டிப்போகும். கடினம் என்று பயப்படுகிறவர்களுக்கு எளிய நிலை இருக்கிறது. அதில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை, போர்க்களம் அங்கேயும் அதேதான். பிளேஸ்டேஷன் 4-ஓ பழைய லேப்டாப்போ வைத்திருக்கிறவர்களும், வீட்டில் தம்பியோ தங்கையோ பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கண்ட்ரோலரைப் பிடிக்கத் தயாராக இருப்பவர்களும் எட்டாம் பாகத்தின் முழுப் பதிப்புக்குப் போங்கள். இரண்டையும் வாங்க முடிந்தவர்கள் ஆரிஜின்ஸை முடித்துவிட்டு எட்டுக்கு வாருங்கள். சிபியில் நின்றுபோன கதையை எட்டு எடுத்துக்கொண்டு ஜின் வரைக்கும் கொண்டுபோகும். ஆரிஜின்ஸில் துணைக்கு வந்த ஒவ்வொருவனாகவும் அங்கே நீங்களே ஆடலாம். வரிசையை மாற்றினால் எட்டின் சிப்பாய்கள் மேல் இருக்கும் பொறுமை போய்விடாது என்பது மட்டும்தான் லாபம், கதை புரிவதில் நஷ்டம் அதிகம்.

இன்னும் மனம் தீர்மானத்துக்கு வரவில்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன் ஆரிஜின்ஸின் இலவச டெமோவை இறக்கிப் பாருங்கள். அதில் வருவது சிஷுய் வாயில் போர், ஹுலாவுக்கு முந்தைய வாயில். கதையில் அங்கே காவல் நிற்கும் ஹுவா சியோங்கைக் கொல்லப் புறப்படும் குவான் யூவுக்குச் சூடான மதுவை ஊற்றித் தருகிறார்கள். வந்து குடிக்கிறேன் என்று வைத்துவிட்டுப் போனவன் தலையோடு திரும்பி வரும்போது மது இன்னும் ஆறவில்லை. அந்தக் களத்தில் அரை மணி நேரம் நின்று, ஒரு முன்வரிசையை உங்கள் கையால் நகர்த்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.